கூட்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரி: கட்டுவது யார், பணம் கட்டுவது யார்?

ஒரு வட்டாரத்துக்குப் பெரிய மருத்துவமனை வரப்போகிறது என்ற செய்தி வந்த அன்றே அந்தப் பகுதிக் கடைத்தெருவில் பேச்சு மாறிவிடுகிறது. மனை விலை ஏறுகிறது. பழக்கடை, மருந்துக்கடை, சிற்றுண்டிச் சாலை வைக்க இடம் தேடுகிறார்கள். மளிகை மொத்த வியாபாரிகள் நானூறு, ஐநூறு படுக்கைக்கு மூன்று வேளைச் சாப்பாடு என்றால் அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எத்தனை, எண்ணெய் எத்தனை டின் என்று மனக்கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். இது இயற்கைதான். வியாபாரி அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் வட்டார மருத்துவமனைகளை அரசு தானே கட்டாமல், தனியாருடன் கூட்டுச் சேர்ந்து கட்டும் முறை பரவியிருக்கிறது. நமது நாட்டிலும் இதற்கான திட்டங்கள் வந்துள்ளன. இந்த முறையில் கட்டிடத்தின் சொந்தக்காரர் வேறு, அதை நடத்துபவர் வேறு, சரக்குக்குப் பணம் தருபவர் வேறு. சரக்கைக் கொடுத்தபின் யாரிடம் பாக்கி கேட்பது என்று தெரியாமல் வியாபாரி நிற்கும்படி ஆகலாம். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அப்படி ஆகியும் இருக்கிறது. ஆகவே இந்த முறை என்ன, எங்கே நன்மை தந்தது, எங்கே கையைச் சுட்டது என்பதை நம் சங்க உறுப்பினர்களுக்கு விளக்குவது அவசியம் என்று கருதுகிறோம்.

திட்டத்தின் அமைப்பு

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்த நாடு பிரிட்டன். 1992ஆம் ஆண்டு அன்றைய நிதியமைச்சர் நார்மன் லமான்ட் இதை அறிவித்தார். அங்கு இதற்கு 'தனியார் நிதி முயற்சி' என்று பெயர், சுருக்கமாக பி.எப்.ஐ. என்பார்கள்.

இதன் அமைப்பு நமக்குப் புரியாத ஒன்றல்ல. ஒருவருக்குக் கடை வேண்டும், கையில் முதல் இல்லை. இன்னொருவர் தன் செலவில் கடையைக் கட்டி, வெள்ளையடித்து, மின்விளக்கு போட்டு, காவல்காரரையும் வைத்துக் கொடுக்கிறார். கடைக்காரர் முப்பது ஆண்டுகளுக்கு மாதாமாதம் வாடகை தருவதாக எழுதிக் கொடுக்கிறார். கெடு முடிந்ததும் கட்டிடம் கடைக்காரருக்கு வந்துவிடும். இந்தக் கடையை ஆஸ்பத்திரியாகவும், கடைக்காரரை அரசாகவும் வைத்துப் பார்த்தால் பி.எப்.ஐ. புரிந்துவிடும்.

நடைமுறையில் கட்டுபவர் ஒரே ஆள் அல்ல. ஒரு கட்டிடக் கம்பெனி, ஒரு பராமரிப்புக் கம்பெனி, சில முதலீட்டாளர்கள் ஆகியோர் சேர்ந்து அந்த ஒரு ஆஸ்பத்திரிக்காகவே புதிதாக ஒரு கம்பெனியைப் பதிவு செய்கிறார்கள். இதைத் திட்டக் கம்பெனி என்று சொல்லலாம். தேவைப்படும் முதலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் கடனாகவே வாங்கப்படுவது வழக்கம். பங்குதாரர்களின் சொந்தப் பணம் சிறு பகுதிதான். திட்டக் கம்பெனி கட்டிட வேலையை ஒருவருக்கும், துப்புரவு, சமையல், சலவை, காவல் வேலைகளை வேறொருவருக்கும் உள்காண்டிராக்ட் விடும். அவர்கள் அதற்குக் கீழே இன்னும் பலருக்கு விடுவார்கள். நம்மைப் போன்ற சரக்கு வியாபாரி இந்த ஏணியின் கடைசிப் படியில்தான் வருகிறார்.

டாக்டர்களும் நர்சுகளும் பிரிட்டனில் அரசுச் சம்பளத்தில்தான் இருந்தார்கள். தனியார் கையில் இருந்தது கட்டிடமும் அதைச் சார்ந்த சேவைகளும் மட்டுமே. வேறு நாடுகளில் வைத்தியத்தையும் சேர்த்தே தனியாரிடம் விட்டதுண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த ஏற்பாட்டில் அரசுக்குச் சாதகமான அம்சங்கள் இரண்டு. ஒன்று, கட்டி முடித்து ஒப்படைக்கும் வரை வாடகை கிடையாது. காலதாமதமானால் நஷ்டம் கட்டுபவருக்கு. இரண்டு, அறை பயன்படுத்த முடியாமல் கிடந்தாலோ, லிப்ட் ஓடாமல் நின்றாலோ வாடகையில் பிடித்தம் செய்யலாம். அரசுக் கட்டிடங்கள் கட்டிய சில ஆண்டுகளில் கவனிப்பாரற்றுக் காரை பெயர்ந்து நிற்பதை நாம் பார்க்கிறோம். முப்பது ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஒருவர் தலையில் கட்டிவிட்டால், அவர் ஆரம்பத்திலேயே தரமாகக் கட்டுவார் என்பது இதிலுள்ள நியாயம். அந்த நியாயத்தை மறுப்பதற்கில்லை.

ஆனாலும் வங்கிக்காரர்கள் எளிதில் நம்பிவிடவில்லை. மருத்துவமனை அறக்கட்டளை திவாலானால் நம் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அதற்கென்றே 1997ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று உறுதி செய்தபின்தான் முதல் பெரிய ஆஸ்பத்திரி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கடன் கொடுப்பவர் தம் பாதுகாப்பை முதலில் பார்த்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வட்டிக் கணக்கு

நூறு கோடி கடன் வாங்கி முப்பது ஆண்டுகளில் சம தவணையாகத் திருப்பித் தருவதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நாம் போடும் கணக்கே. எந்த ஆஸ்பத்திரியின் கணக்கும் அல்ல. வட்டி 7 சதவீதமானால் ஆண்டுத் தவணை சுமார் 8 கோடியே 6 லட்சம். 10 சதவீதமானால் சுமார் 10 கோடியே 61 லட்சம். மூன்று சதவீத வித்தியாசம்தான். ஆனால் முப்பது ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் எழுபத்தைந்து கோடிக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருப்போம்.

அரசுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். தனியார் கம்பெனிக்கு அதைவிடக் கூடுதல் வட்டி. அதற்கு மேல் பங்குதாரர் லாபம் வேறு. இந்தக் கூடுதல் செலவை ஈடுகட்டும் அளவுக்குத் தனியார் சிக்கனமாகக் கட்டி, சிக்கனமாக நடத்தினால்தான் இந்த முறை கட்டுப்படியாகும். இதுதான் முழு விவகாரத்தின் அச்சாணி.

அப்படியிருந்தும் அரசுகள் இதை விரும்பக் காரணம் கணக்கெழுதும் முறையில் இருந்தது. அரசு கடன் வாங்கிக் கட்டினால் அது அன்றே கடன் பேரேட்டில் ஏறிவிடும். தனியார் கட்டி வாடகை கொடுத்தால், பல திட்டங்களில் அது அரசுக் கடனாகக் காட்டப்படவில்லை. ஆண்டுச் செலவாக மட்டுமே வந்தது. ஐந்தொகையில் கடன் தெரியாது, கட்டிடம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். வியாபாரத்தில் இப்படி எழுதினால் நம் கணக்கரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 ஜனவரியில் தந்த கணக்குப்படி, பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம் சேர்த்து நடப்பில் இருந்த இத்தகைய திட்டங்கள் 716. அவற்றின் மூலதன மதிப்பு சுமார் 5,940 கோடி பவுண்டு. 2040களின் இறுதிக்குள் இன்னும் கட்ட வேண்டிய தொகை சுமார் 19,900 கோடி பவுண்டு. இதில் பராமரிப்பும் சேவைகளும் அடக்கம் என்பதால் முழுவதையும் வட்டி என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் சுமையின் அளவு இதிலிருந்து விளங்கும்.

படுக்கைகளை எண்ணுவது

புதிய ஆஸ்பத்திரியைத் திட்டமிடுவதில் முதல் கேள்வி எத்தனை படுக்கை என்பது. இங்கேதான் முதல் வழுக்கல். ஆண்டு வாடகை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அதற்கேற்பப் படுக்கையைக் குறைக்கும் ஆசை வரும். பிரிட்டனில் முதல் சுற்றில் கட்டப்பட்ட ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் சுமார் 30 சதவீதம் குறைகின்றன என்று பேராசிரியர் ஆலிசன் பொல்லாக்கும் அவரது சக ஆய்வாளர்களும் 1999ல் எழுதினார்கள். நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பிவிடுவார்கள் என்பது திட்டமிட்டவர்களின் வாதம். ஆனால் 2000ஆம் ஆண்டில் அரசே நடத்திய படுக்கை விசாரணை, இனிக் குறைப்பது சரியல்ல, கூட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. அரசே கட்டிய கட்டிடமானால் சற்று விரிவாக்கிக்கொள்ளலாம். முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு சுவரை மாற்றவும் தனிப் பேச்சுவார்த்தை, தனி பில்.

இரண்டாவது கேள்வி, எந்த இடம் என்பது. நார்விச் நகரின் பழைய ஆஸ்பத்திரி நகருக்குள் இருந்தது. அதற்குப் பதிலாக 2001ல் திறக்கப்பட்ட புதிய ஆஸ்பத்திரி நகருக்கு வெளியே கோல்னி என்ற இடத்தில் அமைந்தது. பழைய ஆஸ்பத்திரியை நம்பி நடக்கும் கடைகளுக்கு இத்தகைய மாற்றம் என்ன செய்யும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 'புதிய ஆஸ்பத்திரி வருகிறது' என்ற செய்திக்குள்ளே 'பழையது போகிறது' என்ற செய்தியும் இருக்கக்கூடும்.

நார்விச்சில் நடந்த மறுகடன்

அதே நார்விச் ஆஸ்பத்திரியில் இன்னொரு பாடமும் உண்டு. சுமார் 22 கோடியே 90 லட்சம் பவுண்டு செலவில் ஆக்டகன் என்ற திட்டக் கம்பெனி அதைக் கட்டியது. கட்டி முடிந்து, நோயாளிகள் வந்து, வாடகை ஒழுங்காக வரத் தொடங்கியதும், கடன் கொடுப்பவர்களுக்குப் பயம் நீங்கியது. 2003 டிசம்பரில் கம்பெனி பழைய கடனை அடைத்து, குறைந்த செலவில் கூடுதலான புதிய கடன் எடுத்தது. இதில் கிடைத்த ஆதாயம் சுமார் 11 கோடியே 60 லட்சம் பவுண்டு. ஆஸ்பத்திரிக்கு அதில் வந்தது சுமார் 3 கோடியே 40 லட்சம். அதுவும் பல ஆண்டு வாடகையில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும் வகையில். முதலீட்டாளர்களின் லாப விகிதம் 19 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2006ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

கம்பெனி சட்டத்தை மீறவில்லை. ஒப்பந்தத்தில் மறுகடன் ஆதாயத்தைப் பங்கிடும் ஷரத்து ஒழுங்காக எழுதப்படவில்லை. பிற்காலத்து ஒப்பந்தங்களில் ஆதாயத்தில் பாதி அரசுக்கு என்று எழுதிக்கொண்டார்கள்.

வாடகைச் சுமை தாங்க முடியாமல் போன இடமும் உண்டு. தெற்கு லண்டனில் இரண்டு பி.எப்.ஐ. ஆஸ்பத்திரிகளை வைத்திருந்த அறக்கட்டளை வாரத்துக்கு 10 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டத்தில் ஓடி, 2012ல் நிர்வாகி ஒருவர் பொறுப்பில் விடப்பட்டு, 2013ல் கலைக்கப்பட்டது. அந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட, பக்கத்து லூவிஷாம் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவைக் குறைக்க முடிவு செய்தார்கள். பொதுமக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2013ல் அம்முடிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு ஊரின் ஆஸ்பத்திரி வாடகைக்கு அடுத்த ஊர் விலை கொடுக்க நேரலாம் என்பது இதில் தெரிகிறது.

ஆளில்லாத ஆஸ்பத்திரிக்கு மாதக் கட்டணம்

ஸ்காட்லாந்தில் லாபப் பங்கீடு இல்லாத ஒரு மாற்று முறையை வகுத்தார்கள். அதன்படி எடின்பரோ நகரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி கட்டப்பட்டது. 2019 பிப்ரவரியில் கட்டிடத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். அன்றிலிருந்து மாதம் சுமார் 14 லட்சம் பவுண்டு கட்டணம் ஓடத் தொடங்கியது. ஜூலையில் நோயாளிகளை மாற்றச் சில நாட்களே இருக்கும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவின் காற்றோட்ட அமைப்பு விதித்த தரத்தில் இல்லை என்று தெரிந்து, அமைச்சரே திறப்பை நிறுத்தினார். முழுவதும் திறந்தது 2021 மார்ச்சில். அத்தனை மாதமும் கட்டணம் போய்க்கொண்டிருந்தது.

சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததே. மூட்டை எண்ணிக்கை சரி என்று கையெழுத்திட்டபின் உள்ளே அரிசி பழுப்பு என்று சொல்லிப் பயன் என்ன?

கரிலியன் விழுந்த நாள்

வியாபாரிகள் மிகவும் கவனிக்க வேண்டிய சம்பவம் இது. கரிலியன் என்பது பிரிட்டனின் மிகப் பெரிய கட்டிட, சேவைக் கம்பெனிகளில் ஒன்று. லிவர்பூல் நகரில் 646 படுக்கை ஆஸ்பத்திரி, பர்மிங்காம் அருகே ஸ்மெத்விக்கில் 669 படுக்கை ஆஸ்பத்திரி ஆகிய இரண்டையும் கட்டிக்கொண்டிருந்தது. வேறு பல ஆஸ்பத்திரிகளில் துப்புரவு, சமையல் வேலைகளையும் நடத்தி வந்தது.

இக்கம்பெனி சரக்குக்காரர்களுக்குப் பணம் தரும் கெடு 120 நாள். சீக்கிரம் வேண்டுமானால் வங்கி மூலம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு கழிவு பிடிப்பார்கள். அதாவது சிறு வியாபாரியின் பணத்தைக் கொண்டே பெரிய கம்பெனி தன் கல்லாவை ஓட்டியது. உரிய காலத்தில் பணம் தருவோம் என்ற அரசு உடன்படிக்கையிலும் இக்கம்பெனி கையெழுத்திட்டிருந்தது. 2016ஆம் ஆண்டுக்குப் பங்குதாரர்களுக்கு 7 கோடியே 90 லட்சம் பவுண்டு டிவிடெண்டு அறிவித்தது. 2017 ஜூலையில் 84 கோடியே 50 லட்சம் பவுண்டு ஒப்பந்த மதிப்பைத் தள்ளுபடி எழுத வேண்டி வந்தது. 2018 ஜனவரி 15ஆம் நாள் கலைக்கப்பட்டபோது சுமார் 700 கோடி பவுண்டு பொறுப்புகள் இருந்தன. ரொக்கமோ 2 கோடியே 90 லட்சம்தான்.

அப்போது சரக்குக்காரர்கள், உள்காண்டிராக்டர்கள் உள்ளிட்ட சுமார் 30,000 பேருக்கு 200 கோடி பவுண்டு அளவுக்குப் பாக்கி நின்றது என்று நாடாளுமன்றக் குழு 2018 மே மாதம் தன் அறிக்கையில் கூறியது. ஆஸ்பத்திரிச் சமையலும் துப்புரவும் நிற்கக்கூடாது என்று அரசு பணம் கொடுத்து நடத்தியது. கலைப்புக்குப் பின் போட்ட சரக்குக்குப் பணம் வந்தது. முன்பு போட்ட சரக்குக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான். பிணையம் இல்லாத கடன்காரர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

'ஆஸ்பத்திரி அரசுடையது, பணம் எங்கே போகும்' என்று நம்பியவர்கள் ஒரு விஷயத்தைப் பார்க்கத் தவறினார்கள். அவர்கள் பில்லில் இருந்த பெயர் அரசின் பெயர் அல்ல.

2017ல் திறக்க வேண்டிய லிவர்பூல் ஆஸ்பத்திரி 2022 அக்டோபரில் திறந்தது. கட்டிடத்தின் தாங்குதளங்களிலேயே குறை இருப்பது நடுவில் தெரிந்து, பலப்படுத்த வேண்டி வந்தது. 2018ல் திறக்க வேண்டிய ஸ்மெத்விக் ஆஸ்பத்திரி 2024 அக்டோபரில்தான் திறந்தது. இரண்டையும் கடைசியில் அரசுப் பணத்திலேயே கட்டி முடித்தார்கள். லிவர்பூலில் கூடுதல் செலவின் பெரும் பகுதி தனியார் தரப்பின் மீதே விழுந்தது என்பதையும் தேசியத் தணிக்கை அலுவலகம் 2020ல் எடுத்துக் காட்டியது. நஷ்டத்தைத் தனியார் ஏற்பார் என்ற வாக்கு இங்கு ஓரளவு காப்பாற்றப்பட்டது. ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆஸ்பத்திரி இல்லாமல் இருந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் பாக்கி. 2018 அக்டோபர் வரவு செலவுத் திட்டத்தில், புதிய பி.எப்.ஐ. ஒப்பந்தங்கள் இனி இல்லை என்று பிரிட்டிஷ் நிதியமைச்சர் அறிவித்தார்.

லெசோத்தோ நாட்டு அனுபவம்

பணக்கார நாடுகளின் கதை இது. ஏழை நாட்டில் என்ன நடந்தது என்பதற்கு லெசோத்தோ உதாரணம். தென்னாப்பிரிக்காவால் நாற்புறமும் சூழப்பட்ட, சுமார் இருபது லட்சம் மக்கள் கொண்ட சிறிய மலைநாடு. தலைநகர் மசேருவில் இருந்த பழைய அரசு ஆஸ்பத்திரி மிகவும் பழுதடைந்திருந்தது. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் ஆலோசனை கூற, 2008ல் 18 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. தென்னாப்பிரிக்காவின் நெட்கேர் என்ற ஆஸ்பத்திரிக் கம்பெனியின் தலைமையில் த்செபாங் என்ற திட்டக் கம்பெனி அமைந்தது. இங்கு கட்டிடம் மட்டுமல்ல, டாக்டர், நர்சு, வைத்தியம் எல்லாமே தனியார் பொறுப்பு. 425 படுக்கைகளுடன் 2011 அக்டோபரில் புதிய ஆஸ்பத்திரி திறந்தது. அதற்கு முன்பே மூன்று சிறு மருத்துவ நிலையங்களையும் சீர்செய்து திறந்தார்கள்.

வைத்தியம் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் பழைய ஆஸ்பத்திரியையும் புதியதையும் ஒப்பிட்டு, உள்நோயாளிகளின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். பிழைத்த உயிர்களுக்கு நாம் விலை போட முடியாது.

ஆனால் செலவு? ஆண்டுக்கு 20,000 உள்நோயாளிகள், 3,10,000 வெளிநோயாளிகள் வரை ஒரு கட்டணம். அதற்கு மேல் தனிக் கட்டணம் என்பது ஒப்பந்தம். நல்ல ஆஸ்பத்திரி என்று தெரிந்ததும் நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்தார்கள். கணக்கு எல்லையைத் தாண்டியது. நாட்டின் சுகாதாரச் செலவில் 51 சதவீதம் இந்த ஓர் ஆஸ்பத்திரிக்கே போகிறது என்று 2014ல் ஆக்ஸ்பாம் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அந்தக் கணக்கு சரியல்ல என்று மறுதரப்பினர் வாதிட்டார்கள். விகிதம் எதுவாயினும், மலைக் கிராமங்களின் சிறு மருத்துவ நிலையங்களுக்குப் போக வேண்டிய பணம் சுருங்கும் என்ற கவலை நியாயமானதே. கட்டண பாக்கி குறித்தும் இரு தரப்புக்கும் வழக்கு வளர்ந்தது. 2021 தொடக்கத்தில் அரசு நர்சுகளுக்குச் சமமான சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த முந்நூறுக்கும் மேற்பட்ட நர்சுகளைக் கம்பெனி நீக்கியது. அரசு ஒப்பந்தத்தை முறித்து, அந்த ஆண்டிலேயே ஆஸ்பத்திரியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

வாங்கும் சக்திக்கு மீறிய சரக்கு நல்ல சரக்காகவே இருந்தாலும் வீட்டுக் கணக்கைக் குலைத்துவிடும் என்பதே இதன் சாரம்.

நம் நாட்டில்

இந்தியாவிலும் இந்த முறைக்கு வழி திறக்கப்பட்டுள்ளது. 2020 ஜனவரியில் நிதி ஆயோக், மாவட்ட ஆஸ்பத்திரிகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைக்கும் மாதிரித் திட்டத்தை வெளியிட்டது. அதில் கட்டுப்படுத்தப்பட்ட கட்டணப் படுக்கை, சந்தைக் கட்டணப் படுக்கை என்று இருவகை. 2020 நவம்பரில் மத்திய அமைச்சரவை, வருவாய் மட்டும் கொண்டு கட்டுப்படியாகாத கூட்டுத் திட்டங்களுக்கு மானியம் தரும் ஏற்பாட்டைச் சுகாதாரம், கல்வி போன்ற சமூகத் துறைகளுக்கும் விரிவாக்கியது. அதன்படி சுகாதாரம், கல்வித் துறைகளின் முன்னோடித் திட்டங்களில் மூலதனச் செலவில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 80 சதவீதம் வரை தரலாம் என்று அப்போது வகுக்கப்பட்டது.

நம் தொழிலுக்கு நேராகத் தொடர்புடைய ஒரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006ன்படி, சிறு தொழில்முனைவோருக்குச் சேர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும்; தவறினால் கூட்டுவட்டி உண்டு. ஆனால் மொத்த, சில்லறை வியாபாரிகளை இந்தப் பட்டியலில் சேர்த்த 2021 ஜூலை 2ஆம் தேதி உத்தரவு, முன்னுரிமைக் கடன் பெறும் நன்மையை மட்டுமே அவர்களுக்கு அளித்தது. ஆகவே மாவு அரைத்து விற்பவருக்கு 45 நாள் சட்டம் துணை நிற்கும்; மாவு வாங்கி விற்பவர் அதை நம்பிச் சரக்குப் போட முடியாது. பதிவுச் சான்று கையில் இருக்கிறது என்று தைரியமாகக் கடன் கொடுத்துவிடக் கூடாது.

சங்கங்கள் கேட்க வேண்டியவை

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார். நமக்கும் நம் குடும்பத்துக்கும் அது வேண்டும். ஆனால் டெண்டர் அறிவிப்பு வரும் கட்டத்திலேயே, மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் சங்கத்தின் சார்பில் சில கேள்விகளை எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. ஒப்பந்தம் கையெழுத்தானபின் கேட்டால் 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்ற பதில்தான் வரும்.

ஒன்று: ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, விலைவாசியோடு அது ஏறுமா? நோயாளிகள் எண்ணிக்கை எந்த எல்லையைத் தாண்டினால் கூடுதல் கட்டணம்?

இரண்டு: இலவசப் படுக்கை எத்தனை, கட்டணப் படுக்கை எத்தனை? பழைய ஆஸ்பத்திரி தொடருமா, மூடப்படுமா?

மூன்று: மறுகடன் ஆதாயத்தில் அரசின் பங்கு என்ன? கம்பெனி பங்குகளை வேறொருவருக்கு விற்றால் அரசின் சம்மதம் வேண்டுமா?

நான்கு: வளாகத்துக்குள் கடைகள், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றின் உரிமை யாருக்கு? உள்ளூர் வியாபாரிகள் ஏலத்தில் கலந்துகொள்ள முடியுமா, அல்லது மொத்தமும் ஒரே கம்பெனிக்கா?

ஐந்து: சமையல் அங்கேயே நடக்குமா? பிரிட்டனில் சில ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைவிலுள்ள ஆலையில் சமைத்துக் குளிரூட்டிய உணவு வண்டியில் வந்து, சூடுபடுத்திப் பரிமாறப்படுகிறது. அப்படியானால் உள்ளூர் மண்டிக்கு ஒரு மூட்டை வெங்காயம்கூட ஆர்டர் வராது.

ஆறு: அரசு கட்டணம் செலுத்தியபின் எத்தனை நாளில் அது கடைசிச் சரக்குக்காரர் வரை வந்து சேர வேண்டும் என்ற ஷரத்து மூல ஒப்பந்தத்திலேயே உண்டா?

இந்த ஆறாவது கேள்விதான் நமக்கு உயிர்நாடி. மூல ஒப்பந்தத்தில் இந்த ஷரத்து இருந்தால் ஏணியின் ஒவ்வொரு படியிலும் அது செல்லும். இல்லாவிட்டால் கரிலியன் கொடுத்த 120 நாள் கெடு எந்த ஊரிலும் வரலாம்.

சரக்குப் போடும் உறுப்பினர்களும் தனிப்பட்ட முறையில் சில எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆர்டர் தரும் கம்பெனியின் பெயர் என்ன, அது திட்டக் கம்பெனியா, உள்காண்டிராக்டரா, அவரிடம் வேலை எடுத்தவரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கடன் கொடுக்கக் கூடாது. பில்லில் வரும் பெயரைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே பார்ட்டியிடம் நிற்கும் பாக்கி, நம் சொந்த முதலில் எத்தனை பங்கு என்பதை மாதம் ஒருமுறை பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். முதல் பாக்கி வந்தபின் அடுத்த லோடு என்ற பழைய வழக்கத்தைப் பெரிய கம்பெனி என்பதற்காகக் கைவிடக் கூடாது. கெடுவை நீட்டிக் கேட்டால் அந்த நாட்களுக்கான வட்டியை விலையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேர்த்துச் சொன்னால் ஆர்டர் போய்விடுமே என்று பயப்படும் உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: சரக்கு கிடங்கில் இருந்தால் அடுத்த வாரம் வேறொருவருக்கு விற்கலாம், திவாலான கம்பெனியின் கணக்கில் ஏறிவிட்டால் அதைத் திரும்ப எடைபோட முடியாது.

தங்கள் பகுதியில் இத்தகைய திட்டம் குறித்த அறிவிப்பு வந்தால், உறுப்பினர்கள் அதன் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து, செயற்குழுவில் விவாதத்துக்கு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.